எல்லையில் இத்தனை மதுக்கடைகள் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மது உற்பத்தியும் விற்பனையும் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். சரி, அவரவர் சட்டம் அவரவருக்கு. ஆனால் தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு முழிப்பது கடலூர்க்காரர்கள்தான். தமிழகத்தில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். புதுச்சேரியிலோ 1970-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி தனியாருக்கு உரிமம். இங்கே குடிக்க 21 வயதாக வேண்டும், அங்கே 18 போதும். டவுன் பஸ் ஏறினால் வயது வரம்பு மாறிவிடுகிறது!

எல்லைச் சாவடியில் பேருந்தை நிறுத்தி, புதுச்சேரி மது இருக்கிறதா என்று காய்கறிப் பை, சாப்பாட்டுக் கூடை, சீட்டுக்கு அடியில் எல்லாம் துழாவுகிறார்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் கைப்பையைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் எல்லையை ஒட்டிய முள்ளோடையிலும் கன்னியக்கோவிலிலும் வரிசைகட்டி நிற்கும் மதுக்கடைகளெல்லாம் உள்ளூர்ப் பாகூர்க்காரர்களை நம்பியா திறந்தார்கள்? உரிமம் கொடுத்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்!

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் பல தளர்வுகள் வந்தன. அதுபோல எல்லையிலிருந்தும் ஒரு தூரம் வகுத்து, அதற்குள் புது உரிமம் இல்லை, பழையதைப் புதுப்பிப்பதும் இல்லை என்று இரு அரசுகளும் பேசி முடிவெடுக்கலாமே.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.