சரிவில் நெடுக்கே பார் பிடிப்பது அறியாமையால் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நீலகிரியின் மண்ணரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் பயிர் நட நாங்கள் மண்ணை அணைத்துக் கட்டும் நீள மேடான பாரைப் பற்றி, 'மேலிருந்து கீழாகப் பார் பிடித்து மண்ணை ஓடவிடும் விவசாயிகளின் அறியாமை' என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கேத்தி பாலாடா பக்கம் உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற விவசாயிகள் பலர் இருக்கிறோம். எங்களில் ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்தால் மண் நிற்கும், நெடுக்கே பிடித்தால் மண் போகும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனாலே ஏறக்குறைய 5 டன் மண் போனதாகக் கணக்கு. பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் கேரட் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். கிழங்கின் தோள்பட்டை மண்ணுக்கு மேலே தெரியும். வெயில் பட்டால் அது பச்சையாகிவிடும். மண்டியில் அந்தக் கேரட்டைத் தனியாக ஒதுக்கி விலையைக் குறைப்பார்கள். மண் போனால் முதலில் நஷ்டப்படுகிறவன் நான். எனக்கா தெரியாது?

பிறகு ஏன் நெடுக்கே பிடிக்கிறோம்? உருளைக்கிழங்குக்குக் காலடியில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். குறுக்குப் பாரில் ஓரிடம் லேசாகத் தாழ்ந்திருந்தாலும் தண்ணீர் முழுக்க அங்கே வந்து சேர்ந்து உடைக்கும். ஒன்று உடைந்தால் அதன் கீழே உள்ளது, அதற்கும் கீழே உள்ளது என்று அடிவாரம் வரை உடைத்துக்கொண்டு போகும். விடிந்து பார்த்தால் தோட்டத்தின் நடுவில் ஓடை ஓடியிருக்கும். குறுக்கே பிடித்தால் மட்டும் போதாது, ஐயா. பாருக்குச் சிறு வாட்டம் கொடுக்க வேண்டும், வடிகிற தண்ணீரை இறக்கிவிடப் புல் வளர்த்த வாய்க்கால் வேண்டும். அதைவிடச் சிறந்தது, சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியும் மலைப்பக்கமாக உள்ளே சாய்ந்திருக்கும் படிமட்டம். படியின் உள்ளோரத்தில் வாய்க்கால் இருப்பதால் தண்ணீர் வெளிவிளிம்பைத் தாண்டி விழாது. ஊட்டியில் 1954-இல் தொடங்கிய மண் நீர்வள ஆராய்ச்சி மையம் காலங்காலமாக இதைத்தான் சொல்கிறது. நாங்கள் மறுத்ததே இல்லை.

ஆனால் படிமட்டம் வெட்டினால் அடிமண் மேலே வந்துவிடும். எருவும் தழையும் போட்டு அது தேறி வருவதற்குச் சில போகம் ஆகும். நான் பயிர் செய்வதில் பாதி குத்தகை நிலம். ஒரு போகம் முடிந்ததும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிற உரிமையாளரின் நிலத்தில் யார் படி வெட்டுவார்? மீதிப் பாதி தாத்தா பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டா. மானியம் கேட்டுப் போன அலுவலகத்தில் 'தனிப் பட்டா கொண்டு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது உங்களுக்குத் தெரியாத விஷயமா?

மழையைப் பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர் மண்வெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சரிவில் கொத்துகிறவர் மேட்டைப் பார்த்து நின்று, மண்ணைத் தன் காலை நோக்கித்தான் இழுப்பார். அப்படித்தான் உடம்புக்கு முடியும். ஒவ்வொரு கொத்துக்கும் மண் கீழே இறங்குகிறது, மழை பெய்யாவிட்டாலும். அதனால்தான் எங்கள் தோட்டங்களின் உச்சியில் கறுப்பு மண் போய்ச் செம்மண் தெரிகிறது, அடியில் கறுப்பு மண் குவிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் அடியில் சேர்ந்த மண்ணைக் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்ப் போடுவார்கள். இன்றைய கூலிக்கு அது முடிகிற காரியமா?

இன்னொன்றும் கேட்கிறேன். சாலை போட்டவர்கள் மேலிருந்து வரும் தண்ணீரையெல்லாம் ஒரே குழாயில் சேர்த்து என் தோட்டத்துத் தலைமாட்டில் விட்டிருக்கிறார்கள். விடுதி கட்டுகிறவர்கள் சரிவைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போகிறார்கள். 2009 நவம்பரில் இந்த மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கு அந்தப் பயத்தை இன்னும் மறக்கவில்லை. அப்போதும் காய்கறித் தோட்டத்தைத்தான் விரல் நீட்டிக் காட்டினார்கள். கேரட் விலை ஏறினால் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், இறங்கினால் ஆறாம் பக்கத்தில்கூட இடமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படிமட்டம், வரப்பு மானியங்களுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்ற அறிவிப்பு உங்கள் மாவட்டப் பக்கத்தில் பெரும்பாலும் நாள் கழிந்த பிறகுதான் வருகிறது. அதை இரண்டு வாரம் முன்னதாகப் போடுங்கள். எந்தெந்தப் பட்டா செல்லும் என்பதையும் கேட்டு, கூடவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.