எலி மூச்சுவிட்ட திரவமும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் பெர்ஃபுளூரோகார்பன் என்ற திரவத்தைப் பற்றி 'ஆக்சிஜன் தயாரிக்கும் அதிசயத் திரவம்' என்று ஒரு கட்டுரை வந்தது. இதுதான் செயற்கை ரத்தம், கடலில் மூழ்குகிறவர்கள் இனி இதையே சுவாசிப்பார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. காலையிலேயே பக்கத்து வீட்டு அண்ணாச்சி பேப்பரும் கையுமாக வந்துவிட்டார். அவருக்கு அடுத்த வாரம் விழித்திரை ஆபரேஷன், அதில் இந்தத் திரவத்தைத்தான் கண்ணுக்குள் விடுவோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஏ தம்பி, செயற்கை ரத்தத்தையா கண்ணுக்குள்ள ஊத்தப் போறாங்க?" என்கிறார். கண் ஆஸ்பத்திரி தியேட்டரில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் தலைப்பே தப்பு. பெர்ஃபுளூரோகார்பன் எதையும் தயாரிக்காது, கரைத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கார்பனைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடமெல்லாம் ஃபுளூரின் இருக்கும். அந்தப் பிணைப்பு கெட்டி, எதோடும் லேசில் வினைபுரியாது. ஆனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பலம் கம்மி என்பதால் நடுவில் கிடக்கும் சந்துகளில் வாயு சுலபமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. சுத்தமான ஆக்சிஜனோடு வைத்தால் இந்த வகைத் திரவங்களில் ஒன்றான பெர்ஃபுளூரோடெக்கலின் 100 மில்லிக்கு 40 மில்லிக்கு மேல் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும், தண்ணீர் மூன்று மில்லி சொச்சம்தான். ரத்தத்தில் 20 மில்லி இருக்கும், ஆனால் அது சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே கிடைப்பது. நம் திரவத்தைக் காற்றில் வைத்தால் கணக்கு ஐந்தில் ஒன்றாக இறங்கிவிடும், இதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

செயற்கை ரத்தக் கதையும் அப்படித்தான். இந்தத் திரவம் தண்ணீரோடும் கலக்காது, எண்ணெயோடும் கலக்காது, அப்படியே ரத்தக்குழாயில் ஏற்றினால் அடைத்துக்கொள்ளும். பால்போலக் கலக்கித்தான் ஏற்ற வேண்டும், கலக்கினால் வீரியம் போச்சு. ஜப்பானில் செய்த ஃபுளூசால் அப்படிப்பட்டதுதான். 1989-ல் அமெரிக்காவில் இதயக்குழாய் பலூன் சிகிச்சைக்கு மட்டும் அனுமதி வாங்கியது, உறைநிலையில் வைத்து உருக்கிக் கலந்து கொடுக்கும் பாடு வேறு, 1994-ல் நிறுத்திவிட்டார்கள்.

1966-ல் லேலண்ட் கிளார்க், ஃபிராங்க் கோலன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலியைத் திரவத்தில் முக்கி மூச்சுவிட வைத்தது உண்மைதான். ஆனால் கடலில் மூழ்குகிறவர்கள் இனி திரவத்தையே சுவாசிப்பார்கள் என்று கட்டுரையை முடித்தது கொஞ்சம் ஓவர். ஆக்சிஜன் உள்ளே போவது பெரிய காரியமில்லை, கார்பன் டை ஆக்சைடு வெளியே வர வேண்டுமே! தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமுள்ளதை நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் நெஞ்சால் இழுத்துத் தள்ள யாரால் முடியும்?

சரி, கண்ணுக்கு வருகிறேன். இங்கே ஆக்சிஜன் சமாசாரமே கிடையாது, வேலை செய்வது அதன் கனம். 1980-களின் கடைசியில் நியூயார்க்கில் ஸ்டான்லி சாங் என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தது, தியேட்டரில் நாங்கள் 'ஹெவி லிக்விட்' என்போம். சின்னக் குப்பிதான், கையில் வாங்கினால் அளவுக்கு மீறிக் கனக்கும். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை எடுத்தபின், பார்வை நரம்புக்கு மேலே மெதுவாக விடுவார்கள். குமிழ் கீழே போய் உட்கார்ந்து பெரிதாகப் பெரிதாக, கழன்று சுருங்கிக் கிடந்த விழித்திரையைச் சேலைச் சுருக்கம் நீவுவதுபோல நீவிவிடும், பின்னால் தேங்கிய நீர் கிழிசல் வழியாக முன்பக்கம் வந்துவிடும். ஊசிமுனை குமிழுக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே வந்தால் பொடிப்பொடியாகச் சிதறும். அதற்கு 'மீன் முட்டை' என்று பெயர், டாக்டர் முகம் மாறுகிற நேரம் அது. கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தபின் திரவத்தைப் பொதுவாக அன்றே உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.

பயப்பட வேண்டியது திரவம் சுத்தமில்லாமல் போவதற்குத்தான். 2015 வாக்கில் ஸ்பெயினில் அசுத்தம் கலந்த சரக்கு பலருடைய பார்வையைப் பறித்தது. முழுதாக ஃபுளூரின் ஏறாமல் அரைகுறையாக நின்ற பொருள்கள் அதில் கிடந்தன. எந்த பேட்ச் என்று குறித்துவைக்கிற பழக்கத்தை நான் அதனால்தான் கடைசிவரை விடவில்லை.

அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்: ஆபரேஷன் முடிவில் இந்தத் திரவத்தை எடுத்துவிட்டு, விழித்திரையைப் பிடித்து வைக்கக் கண்ணுக்குள் விடப்போவது கேஸா, சிலிக்கான் எண்ணெயா? கேஸ் என்றால் அது கரைந்து தீரும்வரை விமானம் ஏறக்கூடாது, மலைமேல் போகக்கூடாது, உயரம் ஏறினால் வாயு விரிந்து கண்ணில் அழுத்தம் கூடிவிடும். அவர் பேத்திக்கு அடுத்த மாதம் கொடைக்கானலில் கல்யாணம்.

— ஓய்வுபெற்ற தியேட்டர் டெக்னீஷியன், திருநெல்வேலி