உங்க அப்பத்தா விட்டுட்டுப்போன பெட்டி

டேய் சேக்காளி, எப்படி இருக்க? முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏறுறதில்லன்னு உன் மக சொல்லுச்சு, ஏறாத, கீழயே உக்காந்து நம்ம பர்மா நூடுல்ஸ் அத்தோ வாங்கித் தின்னு. இங்க ரங்கூன்ல கரண்டு வர்றதும் போறதும்தான் சேதி.

1964ல நீங்க இங்கருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுறப்ப நகைநட்டு வெள்ளி எதையும் கொண்டுபோக விடமாட்டாங்கன்னு உங்க அப்பத்தா எங்க அம்மாகிட்ட ஒரு ட்ரங்குப்பெட்டி குடுத்துட்டுப் போச்சுல்ல, அத போன மாசம் பரண்ல இருந்து இறக்கினேன். தொரை குடுத்ததுன்னு உங்க தாத்தா பீத்திக்குவாரே அந்த டீ பாட், கறுத்துப்போய்க் கெடந்துச்சு, அடியில வரிசையா நாலு முத்திரை, அடேயப்பா சீமை வெள்ளிடான்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தா கட்டத்துக்கு ஒண்ணா ஈ, பீ, என், எஸ்னு இங்கிலீஷ் எழுத்து. போச்சு! ஜெர்மன் சில்வர்னு பேருதான், வெள்ளியே கெடையாது, செம்பும் நிக்கலும் கலந்தது, அது மேல கரண்டு வச்சு ஏத்தின வெள்ளி முலாம்டா, மூக்குகிட்ட தேஞ்சு பல்லிளிக்குது. அசல் இங்கிலாந்து வெள்ளின்னா நடக்குற சிங்கம் இருக்கணும், அது 92.5 சதவீதத்துக்கு அடையாளம், கூடவே லண்டன்னா சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாம்னா நங்கூரம், வருஷத்துக்கு ஒரு எழுத்து, செஞ்சவன் இனிஷியல், 1784ல இருந்து 1890 வரைக்கும் வரி கட்டினதுக்கு ராஜா ராணி தலை வேற. முலாம்காரனும் அதே மாதிரி கட்டம் கட்டி அடிச்சுட்டான், நம்ம தாத்தாமாருக்கு எழுத்தா தெரியும், முத்திரையைப் பாத்தாங்க நம்பிட்டாங்க.

ஒத்த ஸ்பூன் ஒண்ணு இருந்துச்சு, காம்புல சாமி உருவம், பின்னாடி பி. ஆர் அண்ட் சன்ஸ்னு அடிச்சிருக்கு. அதான், உங்க மவுண்ட் ரோடு கடை, 1849ல ஆரம்பிச்சது, இங்க ரங்கூன்லயும் கிளை வச்சிருந்தாங்க. அந்தச் சாமியைச் செதுக்கின ஆசாரி பேரை எங்கடா அடிச்சான்? கடைக்காரன் பேருதான் நிக்குது.

கடைசியாத்தான் உங்க வீட்டு விபூதிக் கிண்ணம் கெடச்சுச்சு. ஒரு முத்திரையும் இல்ல. சுத்திலும் ராமாயணம், உள்ளாற இருந்து தட்டித் தட்டிப் புடைக்க வச்சது, ராமருக்கு பர்மா கிரீடம். திருப்பிப் பாத்தா அடியில ஒரு மயில் கீறியிருக்கு. பழைய பர்மாக் கிண்ணத்துல இப்படி இருக்கும், பேருக்குப் பதிலா மயிலோ யானையோ. தெரிஞ்ச பத்தர்கிட்ட குடுத்தேன், உரைகல்லுல தேச்சுப் பாத்துட்டு நயம் வெள்ளிங்கிறாரு. இதைப் போயி நாம சின்னப்புள்ளைல பம்பரம் விட உருட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்!

பாலிஷ் போடட்டுமான்னு கேட்டாரு, வேணாம்னுட்டேன். செதுக்குக்குள்ள உங்க அப்பத்தா போட்ட விபூதி இன்னும் ஒட்டிக்கெடக்கு. அங்கிருந்து யாராச்சும் வந்தா சொல்லு, கிண்ணத்தையும் ஸ்பூனையும் குடுத்து விடுறேன். டீ பாட்டை நானே வச்சுக்கவா, ஊத்துனா ஒழுகாம நல்லாத்தான்டா இருக்கு.