வீட்டை நேரில் அளந்து வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் நகராட்சியில் சொத்து வரி மதிப்பீட்டைச் சீர்செய்யப் போவதாக அறிந்து மகிழ்ந்தேன். முதலில் வீடுகளை நேரில் அளக்க வேண்டும். தமிழகத்தில் 2022இல் நடந்த சொத்து வரிப் பொதுச் சீராய்வில் 600 சதுர அடி வரை ஒரு விகிதம், 1,200 வரை வேறொன்று என வரி உயர்வு வகுக்கப்பட்டது. எல்லைக்கோட்டிலுள்ள வீட்டுக்குப் பத்து சதுர அடி தவறாகக் கூடினாலே சுமை ஏறிவிடும். எங்கள் தெருவில் எப்போதோ இடித்த ஓட்டுச் சார்ப்புக்கு இன்னும் வரி கேட்கிறார்கள். அடுத்த வீட்டின் கீழ்த்தளம் கடையாகியும் குடியிருப்பு வரிதான்! பரப்பளவு, மண்டலம், பயன்பாடு, கட்டடத்தின் வயது ஆகியவற்றைக் வரி கேட்டு அனுப்பும் கேட்பு அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். ஆட்சேப மனு கொடுத்தால் அங்கேயே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். பில் கலெக்டரைத் தேடி முதியவர்கள் அலைவது கொடுமை.

இப்படிக்கு,
வரி செலுத்தும் வாசகர்