மோடத்தோடு பேட்டரியும் வேண்டும்: தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டப் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊரில் செம்புக் கம்பி இணைப்புகளை ஃபைபருக்கு மாற்றும் வேலை எந்த வீதி வரை வந்திருக்கிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சென்ற மாதம் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில் நடந்ததும் உங்கள் புகார்ப் பதிவேட்டில் இருக்கும். காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றது. அதே நொடியில் தெற்கு வீதியில் புதிதாக மாற்றிய வீடுகளின் தொலைபேசிகளும் நின்றன. மாலை 5 மணிக்கு மின்சாரம் வந்தது. மோடம் எழுந்து, பதிவாகி, டயல் டோன் வர மேலும் மூன்று நிமிடம். ஆக, எட்டு மணி நேரமும் மூன்று நிமிடமும்.

அடுத்து மேல வீதி என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதற்கு முன் எங்கள் கோரிக்கையைப் படித்துவிடுங்கள். மோடம் வைக்கும் அன்றே பேட்டரியும் வையுங்கள். வீட்டு மெயினை அணைத்து, பேசிப் பார்த்த பிறகு செம்புக் கம்பியைத் துண்டியுங்கள்.

ஃபைபரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழை பெய்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிக் கரகரக்கும் லைனையும், கேபிளை வெட்டி எடைக்குப் போடுகிறவர்களையும் வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை நாள் போராடுவீர்கள்? ஃபைபரில் குரல் தெளிவு. பழைய எண் மாறாது என்றீர்கள், மாறவில்லை. அதற்கு நன்றி.

ஆனால் செம்புக் கம்பி குரலோடு மின்சாரத்தையும் கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் செல்கள் இருபத்து நான்கை வரிசையாகக் கோத்து 48 வோல்ட். அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். ரிசீவரை எடுத்தால் சில பத்து மில்லி ஆம்பியர் ஓடும், அவ்வளவுதான் செலவு. ஊரே இருண்டு கிடந்தாலும் ஹாலில் இருக்கும் போன் பேசியது இதனால்தான். கண்ணாடி இழையில் ஒளி மட்டுமே வரும். மோடத்துக்கும், அதன் வழியாகப் போனுக்கும், வீட்டுப் பிளக்கிலிருந்துதான் மின்சாரம். இத்தனை காலம் நிறுவனம் சுமந்த பொறுப்பு ஓசையில்லாமல் சந்தாதாரரின் பிளக்குக்கு மாறிவிட்டது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் குறுஞ்செய்தியில் வேகம் பற்றி இருந்தது, சினிமா பார்க்கும் சலுகை பற்றி இருந்தது. கரண்ட் போனால் போனும் போகும் என்ற ஒரு வரி இல்லை.

"எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் வீதி வீடுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு என்று நீண்டு போகும் வீடுகள். சுவர் ஒன்றரை அடி கனம். சிக்னல் திண்ணையில் இரண்டு கோடு, கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்றுமில்லை. பல வீடுகளில் எழுபதைத் தாண்டியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கொல்லைப்புறம் வழுக்கி விழுந்தவர் கூடத்துப் போன் வரை எப்படியோ நகர்ந்து வந்துவிடலாம். திண்ணை வரை வர முடியாது. நகர்ந்து வந்தவர் 108-க்கு எண்களை அழுத்தும்போது அந்தப் போனில் டயல் டோன் இருக்க வேண்டும். அவர் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து விழ முடியாது.

பேட்டரி என்றால் எதையோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகவும் கூடாது. கணக்கைப் பாருங்கள். வைஃபையோடு ஓடும் மோடம் ஏறத்தாழ 8 வாட் எடுக்கிறது. கடையில் 'மினி யுபிஎஸ்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் 2000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் செல்கள் மூன்று: 22 வாட்-மணி. மாற்று இழப்பு போக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். பராமரிப்பு மின்தடையோ எட்டு மணி நேரம். அலாரத்துக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஏட்டில் 84 வாட்-மணி. அதை முழுக்க வடித்தால் சில மாதங்களில் செத்துவிடும். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். இழப்பு போக எட்டு மணி நேரம் தாங்கும், வைஃபையை அணைத்தால் அதற்கு மேலும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் பேட்டரியே வேண்டாம். மோடம் இருக்கும் பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் வருகிறதா என்று பார்த்து, பின்பக்க ஸ்விட்சை 'யுபிஎஸ்' பக்கம் தள்ளினால் போதும். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் மோடம் அணைந்து எழும், பாதிப் பேச்சில் லைன் அறுந்துவிடும்.

வீட்டில் பேட்டரி வைத்தால் மட்டும் தீராது என்பதும் தெரியும். ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் வீதியில் இருக்கிறது, அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் மறுமுனையில் எல்லா மோடங்களுக்கும் ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. என்ற கருவி இருக்கிறதே, அது எங்கே இருக்கிறது? எங்கள் ஊரில் உங்கள் உரிமம் பெற்றவரின் கேபிள் டிவி அறையில், ஒரு சின்ன இன்வெர்ட்டரை நம்பி. அது இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்தால், வீதி முழுக்க லித்தியம் அடுக்கி வைத்தாலும் மோடத்தில் சிவப்பு விளக்குதான் எரியும். உங்கள் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். முன்பு சொன்ன 48 வோல்ட் பேட்டரி வரிசை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஓ.எல்.டி.யை அங்கே நகர்த்துவதில் என்ன தடை என்று தெரிவிக்க வேண்டுகிறோம்.

வேலை செய்ய வரும் தம்பிகளைக் குறை சொல்ல மனமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு என்று அவர்களைத் துரத்துகிறீர்கள். ஆனால் விளைவைச் சொல்லியாக வேண்டும். ஃபைபர் நுழையும் வாசல் பக்கத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போகிறார்கள். கூடத்துப் போனும் படுக்கையறை எக்ஸ்டென்ஷனும் ஊமையாகிவிடுகின்றன. ரொசெட்டில், அதாவது சுவரில் இருக்கும் தொலைபேசி இணைப்புப் பெட்டியில், வெளியிலிருந்து வரும் டிராப் வயரின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்க வேண்டும். பிறகு மோடத்தின் 'போன்' துளையிலிருந்து ஒரு கார்டு இழுத்து அதே திருகுகளில் இறுக்கினால், வீட்டின் பழைய வயரிங் முழுவதும் உயிர் பெறும். கால் மணி நேர வேலை. வெளிக்கம்பியைக் கழற்றாமல் இணைத்தால் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் மோடத்துக்குள் ஏறி அந்தத் துளையே எரிந்துபோகும். கீழ வீதியில் அப்படி எரிந்ததை உங்கள் ஆட்களே மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொன்று, அந்தத் துளை வழக்கமாக இரண்டு மூன்று மின்னணு மணிக் கருவிகளைத்தான் தாங்கும். நிஜ மணி அடிக்கும் பழைய கருவிகளைச் சேர்த்தால் எதுவும் சரியாக அடிக்காது.

டயல் செய்வதிலும் ஒரு சங்கடம். பல மோடங்களில் இரண்டு இலக்கங்களுக்கு இடையே நான்கைந்து விநாடி தாமதித்தால் எண் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அழைப்பை அனுப்பிவிடும். 2021 ஜனவரி முதல் செல்போனை அழைக்க முன்னால் ஒரு பூஜ்யமும் சேர்த்துப் பதினொரு இலக்கம். டைரியைக் கண்ணருகே பிடித்து ஒவ்வொன்றாகப் படித்து அழுத்துகிறவருக்கு, ஏழாவது இலக்கத்திலேயே "எண்ணைச் சரிபார்க்கவும்" என்று வந்துவிடுகிறது. அவர் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுகிறார். இது மோடத்தின் அமைப்பில் மாற்றக்கூடிய ஒரு எண், உங்கள் பக்கத்திலிருந்தே எல்லா மோடத்துக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். பத்து விநாடி வையுங்கள். அவசரக்காரர்கள் கடைசியில் '#' அழுத்திக்கொள்வார்கள். சுழற்று டயல் கருவி வைத்திருப்பவர்களுக்கு, பல மோடங்களுக்கு அதன் பாஷை புரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சிக்கல்கள் அல்ல. அமெரிக்காவில் 2015-இல் வந்த விதிப்படி, மின்சாரம் இல்லாவிட்டால் நின்றுபோகும் வீட்டுத் தொலைபேசியைத் தருகிறவர் 8 மணி நேரத்துக்கான பேட்டரியை விலைக்காவது தரவேண்டியிருந்தது. 2019 முதல், அந்த விதி காலாவதியான 2025 வரை, 24 மணி நேரத்துக்கும். பிரிட்டனில் 2025 இறுதியில் பழைய இணைப்பை மூடுவதாக இருந்தார்கள். முதியவர்கள் கழுத்தில் அணியும் அபாய அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் செயலிழந்ததும், 2023 டிசம்பரில் பெரிய நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தன. கெடு 2027 ஜனவரிக்குப் போனது. அங்கே மின்சாரம் போவதே அபூர்வம். இங்கே நாளிதழில் அறிவித்துவிட்டு மாதாமாதம் நிறுத்துகிறார்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. எந்த பேட்டரியும் அதற்கு ஈடுகொடுக்காது, உண்மைதான். எட்டு மணி நேரத்துக்காவது கொடுக்கட்டும்.

புகார் செய்யும் வழி பற்றியும் இரண்டு வார்த்தை. தொலைபேசி வேலை செய்யவில்லை என்பதைத் தொலைபேசியில் சொல்லச் சொல்கிறீர்கள். செல்போன் செயலியில் சொல்லலாம் என்றால், ஓ.டி.பி. வாங்கத் திண்ணைக்கு ஓட வேண்டும். மோடத்தை ஒரு முறை அணைத்துப் போடுங்கள் என்று பதிவுக்குரல் அறிவுரை சொல்கிறது; அதைத்தான் மின்வாரியம் காலையிலேயே செய்துவிட்டதே! தமிழில் பேச இரண்டை அழுத்தினால் பத்து நிமிடம் பாட்டு. மின்தடையைத் தெரிவிக்க மின்னகத்தை அழைக்கலாமென்றால் அதற்கும் மின்சாரம் வேண்டும். நகராட்சியும் மின்வாரியமும் கம்பங்களில் கிளை வெட்டும்போது ஃபைபரையும் சேர்த்து வெட்டுவதை இன்னொரு கடிதத்தில் எழுத வேண்டும்.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்பது இவ்வளவுதான். மேல வீதி வேலையைப் பேட்டரிகள் கைக்கு வரும்வரை தள்ளிவையுங்கள். தெற்கு வீதியில் ஏற்கெனவே மாற்றிய வீடுகளுக்கு, முதலில் எழுபது வயதைக் கடந்தவர்கள் வீடுகளுக்கு, அடுத்த பராமரிப்பு நாளுக்கு முன் பேட்டரி பொருத்துங்கள். விலை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மாத பில்லில் தவணையாகச் சேருங்கள், கொடுக்கிறோம். மெயினை அணைத்துச் சோதிக்கும்போது உங்கள் ஆட்களோடு வீடுவீடாக வர எங்களில் நால்வர் தயார். சோதனை முடிந்த வீட்டில் சந்தாதாரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கம்பியை அறுத்துக்கொள்ளுங்கள்.

பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். அடுத்த பராமரிப்பு மின்தடை வரும் வியாழக்கிழமை. அன்று தெற்கு வீதியில் யாரையும் போனில் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
தெற்கு வீதி, மேல வீதி குடியிருப்போர்