என்ன சாப்பிடணும்னு சொன்னீங்க, எப்போன்னு சொல்லலையே

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஃபேட்டி லிவர் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். எண்ணெய கொற, இனிப்ப விடு, தினம் நடன்னு போட்டிருந்ததெல்லாம் சரிதான். ஆனா எத்தன மணிக்கு சாப்பிடணும்னு ஒரு வரி கூட இல்ல. 11 வருஷமா நைட் ஷிப்ட் பாக்குறவன் நான், எனக்கு அதுதான் முதல்ல உறுத்துச்சு. நீளமா போனா வெட்டிக்கோங்க.

பாடி க்ளாக்னா உடம்புக்குள்ள நேரம் பாத்து வேலைய நடத்துற கடிகாரம், ஆனா அது வெறும் தூக்க சமாச்சாரம்னுதான் முக்கால்வாசி பேர் நினைக்கிறாங்க. மூளைல ஹைபோதலாமஸ்ங்கற பகுதில ஒரு மெயின் க்ளாக் இருக்கு, சுமார் 20,000 நரம்பு செல் சேந்த குட்டி முடிச்சு, கண்ணுல படுற வெளிச்சத்த வச்சு அது டைம் பாக்குது. ஆனா லிவர் செல்லுக்குள்ளயும் தனியா ஒரு க்ளாக் ஓடுது, அதுக்கு சாவி குடுக்கறது பெரும்பாலும் சாப்பாடுதான். எலி ராத்திரில நடமாடுற ஜீவன், அதுக்கு பகல்ல மட்டும் தீனி போட்டு பாத்திருக்காங்க, 2000-ல வந்த ஆராய்ச்சி, கொஞ்ச நாள்லயே லிவர் க்ளாக் தலைகீழா திரும்பிடுச்சாம், மூளைல இருக்கறது அசையவே இல்லையாம். ஒரே உடம்புல ரெண்டு கடிகாரம், ரெண்டும் வேற வேற டைம் காட்டுது. ஷிப்ட் மாறுற வாரம் நான் படுற பாட்ட இதவிட கரெக்டா எந்த டாக்டரும் எனக்கு சொன்னதில்ல!

லிவர்தான் உடம்போட ஸ்டோர் ரூம். சாப்பிட்டதும் வர்ற சர்க்கரைய கிளைக்கோஜனா மாத்தி சுமார் 100 கிராம் சேத்து வச்சுக்குது, நாம தூங்கும்போது அத கொஞ்சம் கொஞ்சமா எடுத்து விடுது, அது கொறைய கொறைய புதுசா குளுக்கோஸ் செஞ்சு மூளைக்கு அனுப்புது. எப்ப சேக்கணும் எப்ப எடுக்கணும்னு இந்த க்ளாக்க ஓட்டுற ஜீனுங்க, அதாவது க்ளாக் ஜீனுங்க, முன்னாடியே ரெடி பண்ணி வைக்குது, நாம வாயில வைக்கிற வரைக்கும் அது காத்துட்டு இருக்கறதில்ல. எலி லிவர்ல மட்டும் பிமேல்1-ங்கற க்ளாக் ஜீன எடுத்துட்டு பாத்தா, சாப்பிடாத நேரத்துல சுகர் சட்டுனு கீழ இறங்கிடுது, ஸ்டோர் ரூம் சாவிய தொலைச்ச மாதிரி. லிவர் செல்லுக்குள்ள சக்தி செய்யற மைட்டோகாண்ட்ரியா கொழுப்ப எரிக்கற வேகம் கூட இந்த க்ளாக் படிதான் ஏறி இறங்குது. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் மாத்திரைய ராத்திரி போட சொல்றாங்கல்ல, அதுவும் இதனாலதான், லிவர் கொலஸ்ட்ரால் செய்யறது ராத்திரில அதிகம், அந்த மாத்திரையோட வேகமும் சீக்கிரம் தீந்துடும்.

2012-ல பாடி க்ளாக் ஆராய்ச்சியாளர் சச்சின் பாண்டாவோட டீம் பண்ணது இன்னும் சுவாரசியம். ரெண்டு கூட்டம் எலி, ரெண்டுக்கும் அதே கொழுப்பு தீனி, கிட்டத்தட்ட அதே கலோரி, ஒண்ணு நாள் பூரா கொறிச்சுது, இன்னொண்ணுக்கு எலி முழிச்சிருக்கற ராத்திரில 8 மணி நேரம் மட்டும். கொறிச்ச கூட்டத்துக்கு உடம்பும் ஊதி லிவர்லயும் கொழுப்பு ஏறிடுச்சு, மத்தது பெருசா பாதிக்கப்படாம தப்பிச்சுடுச்சு. எலி வேற மனுஷன் வேறங்கறது எனக்கும் தெரியும். ஆனா மனுஷனுக்கும் காலைல சாப்பிட்டத விட அதே சாப்பாட்ட நடுராத்திரில சாப்பிட்டா சுகர் கூடுதலா ஏறும், இதுல கணையத்துக்கும் பங்கு இருக்கு. வீட்ல இருக்கற சுகர் மிஷின்ல நானே ரெண்டு தடவ குத்தி பாத்தேன், ராத்திரி 3 மணிக்கு பிரேக்ல சாப்பிட்டதும் வந்த நம்பர பாத்துட்டு மிஷின்தான் ரிப்பேர்னு நினைச்சு பேட்டரிய கழட்டி மாட்டினேன்.

ராத்திரி 7 மணிக்குள்ள சாப்பிட்டு முடிங்கன்னு சுலபமா சொல்லிடறாங்க. 7 மணிக்குத்தான் சார் நான் எந்திரிச்சு பல்லே விளக்குறேன். நர்ஸ், டிரைவர், வாட்ச்மேன்னு என்ன மாதிரி ராத்திரி முழிக்கிறவங்க எப்ப சாப்பிடணும், 3 மணி பசிய எப்படி சமாளிக்கணும், லீவு நாள்ல டைம மாத்தலாமா கூடாதான்னு ஒரு லிவர் டாக்டர்கிட்ட கேட்டு அடுத்த இதழ்லயாவது போடுங்க.

இப்படிக்கு,
நைட் ஷிப்ட் வாசகன்