பெறுபேற்றுச் சான்றிதழோடு ஒரு விளக்கப் பக்கம் தாருங்கள்: உளவியல் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர்களுக்கும், பரீட்சைக் கிளை அலுவலர்களுக்கும், பீடாதிபதிகளுக்கும்,

வணக்கம்.

இவ்வாண்டு ஜேர்மனியப் பல்கலைக்கழகமொன்றின் ஆங்கில மொழிமூலச் சர்வதேச உளவியல் முதுமாணிக் கற்கைநெறிக்கு யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் விண்ணப்பித்திருந்தார். "இளமாணிப் பட்டத்துக்குரிய 180 கிரெடிட்டுகள் தேவை, உங்களிடம் 120 மட்டுமே உள்ளன" என்ற காரணத்தைச் சொல்லி அவருடைய விண்ணப்பத்தை நிறுத்திவைத்த அந்தச் சேர்க்கைக் குழு, மேலதிக ஆவணம் ஏதும் இருந்தால் அனுப்புமாறு சில நாள் அவகாசமும் கொடுத்தது. அந்த ஆவணம் எமது நாட்டுப் பல்கலைக்கழக அலுவலகமொன்றிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வரவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. ஏனென்றால் இதே முறைப்பாட்டோடு என்னிடம் வருகிறவர்கள் ஒரே இடத்தில் படித்தவர்கள் அல்லர்.

அந்த 120 உம் 180 உம் ஒரே கோலால் அளக்கப்பட்டவை அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி எமது ஒரு கிரெடிட், விரிவுரை, ஒப்படை, சுயகற்றல், பரீட்சை ஆயத்தம் எல்லாம் சேர்ந்த 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கிறது. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணித்தியாலங்கள். அப்படியானால் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தின் 120 கிரெடிட்டுகள் 6,000 மணித்தியாலங்கள். அவர்கள் கேட்கும் 180 கிரெடிட்டுகளோ 4,500 முதல் 5,400 மணித்தியாலங்கள். கூடுதலாகப் படித்த பிள்ளையைக் குறைவாகப் படித்தவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குழுவை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்த தாளில் 120 என்ற எண் இருந்ததே தவிர, அது எதை எண்ணியது என்று எந்த இடத்திலும் இருக்கவில்லை.

மாணவி கேட்டது மிகச் சிறிய உதவி. ஒரு கிரெடிட் 50 மணித்தியாலங்களுக்குச் சமன், இவர் பெற்றது நான்காண்டுச் சிறப்புப் பட்டம் என்ற இரண்டு வசனங்கள், பல்கலைக்கழகத்தின் கடிதத் தலைப்பில், ஒரு கையொப்பத்தோடும் முத்திரையோடும். பரீட்சைக் கிளையில் அவருக்குக் கிடைத்த பதில்: "தங்கச்சி, இப்பிடி ஒரு கடிதம் நாங்கள் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. திணைக்களத்திலை கேட்டுப் பாருங்கோ." திணைக்களத்தில், கிரெடிட் தொடர்பான கடிதம் பரீட்சைக் கிளையின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றார்கள். மறுபடியும் கிளைக்குப் போனபோது எழுத்து மூலம் கோரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த கோரிக்கை, பீடச் சபை அடுத்த முறை கூடும்போது சமர்ப்பிக்கப்படும் என்று வாங்கி வைக்கப்பட்டது. பீடச் சபை கூடுவதற்கு முன்னரே அவகாசம் முடிந்துவிட்டது. இத்தனைக்கும் ஒருவர்கூட அவரிடம் கடிந்து பேசவில்லை. எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்று அவரே சொன்னார். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான். தவறு செய்தவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாதபடி, யாருடைய பொறுப்பிலும் இல்லாத ஒரு வேலையால் ஒரு மாணவியின் ஒரு வருடம் போய்விட்டது. ஆங்கில மொழித் தேர்ச்சிப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ். இன் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது அந்தப் பரீட்சைக்கும் அவர் மீண்டும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அவருடைய பெறுபேற்றுச் சான்றிதழை என் மேசையில் விரித்துப் பார்த்தேன். பாடங்களின் பெயர்கள், அச்சிட்ட நிரலின் அகலத்துக்குள் அடங்காமல், பாதியிலே வெட்டுப்பட்டிருந்தன. "சைக். ஸ்டாட். அண்ட் ரெஸ். மெ" என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு வரி நின்றது. அது புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையியலும் என்பதை இங்கே படித்த எங்களால் ஊகிக்க முடியும். உளவியல் முதுமாணிக் கற்கைநெறிகள் பலவற்றில், புள்ளிவிபரவியலிலும் ஆய்வு முறையியலிலும் மட்டும் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று தனி நிபந்தனை உண்டு. அந்தக் கணக்கைப் பார்க்கிற வெளிநாட்டு அலுவலர் ஊகிக்க வேண்டிய கடமை உடையவர் அல்லர்.

புள்ளிகளின் நிலைமை இதைவிட மோசம். எமக்கு 4.0 உச்சப் புள்ளி. ஜேர்மனியில் 1.0 உச்சம், 4.0 என்பது மயிரிழையில் சித்தியடைந்தவரின் புள்ளி. எமது சராசரியை அவர்களுடைய அளவுக்கு மாற்றும் சூத்திரத்துக்கு எமது முறையின் உச்சப் புள்ளியும் சித்திக்குரிய ஆகக் குறைந்த புள்ளியும் வேண்டும். உச்சம் 4.0, ஆகக் குறைந்தது 2.0 என்று எழுதியிருந்தால் 3.4 சராசரி எடுத்தவருக்கு 1.9 வரும். உச்சம் 4.3 என்று யாரேனும் தவறாகக் கொண்டுவிட்டால் அதே பிள்ளைக்கு ஏறத்தாழ 2.2 வரும். போட்டி மிகுந்த கற்கைநெறிகளில் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த இடைவெளிக்குள் தீர்மானிக்கப்படுவதுண்டு. இதுவும் ஒரே ஒரு வரி எழுதினால் தீர்கிற சிக்கல்தான்.

நான் இத்தகைய கற்கைநெறியொன்றைப் படித்து முடித்து ஊர் திரும்பியவள். என்னோடு படித்த ஜோர்ஜியா நாட்டுத் தோழிக்குப் பட்டச் சான்றிதழோடு கூடவே ஒரு பின்னிணைப்பும் கொடுக்கப்பட்டிருந்தது. கற்கைநெறியின் மட்டம், காலம், கிரெடிட்டின் அளவு, புள்ளியிடும் முறை, அந்நாட்டின் உயர்கல்வி அமைப்பு எல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருந்தன. 2003 இல் பேர்லினில் கூடிய ஐரோப்பியக் கல்வி அமைச்சர்கள், 2005 முதல் பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பின்னிணைப்பு கேட்காமலேயே, கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. கட்டணத்தைக் கட்டி, வரிசையில் நின்று வாங்கத் தயாராக இருக்கிறோம். கொடுப்பதற்கென்று ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

"அரச செலவிலை படிச்சுப்போட்டு வெளிநாட்டுக்குப் போற ஆக்களுக்கு நாங்கள் ஏன் மினக்கெடோணும்?" என்று ஓர் அலுவலர் ஒருமுறை என்னிடம் நேரடியாகவே கேட்டார். வெளிப்படையாகக் கேட்டதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அவருடைய கருத்தை ஏற்க முடியவில்லை. ஆங்கில மொழிமூலமான இந்த உளவியல் முதுமாணிகளில் பெரும்பாலானவை ஆராய்ச்சிக்கான பயிற்சி. அவற்றை முடித்ததால் மட்டும் ஜேர்மனியில் உளச்சிகிச்சையாளராகிவிட முடியாது. அதற்கு 2020 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் வேறு கற்கை, வேறு பரீட்சை, ஜேர்மன் மொழி எல்லாம் வேண்டும். இப்பிள்ளைகள் கற்றுக்கொண்டு வரும் ஆய்வு முறையியலும், உளவியல் அளவைகளை ஒரு சமூகத்துக்குப் பொருந்தச் செய்து சரிபார்க்கும் திறனும் எங்கே தேவைப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 வீதமானோர் உலக மக்கள்தொகையின் 12 வீதத்தினரே வாழும் மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிச்சும் அவருடைய சகாக்களும் 2010 இல் எடுத்துக்காட்டினார்கள். என் வகுப்பில் அதைப் படித்தபோது, மீதமுள்ள 88 வீதத்தில் இருந்து வந்தவளாக நான் பேச வேண்டியிருந்தது. போரும், 2004 இன் ஆழிப்பேரலையும், 2009 இல் அப்போரின் இறுதி மாதங்களும் வடக்கின் குடும்பங்களையும் ஊர்களையும் என்ன செய்தன என்பதை, ஒரு சமூகம் முழுவதும் சுமக்கும் கூட்டு மனவடு என்ற கோணத்தில், உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதி உலகுக்குக் காட்டினார். அந்த வேலையைத் தொடர்வதற்கு ஆட்கள் வேண்டாமா? உளநலத் துறையில் ஆளணி போதாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். ஆனால் படித்துவிட்டு வர முயலும் பிள்ளையை அலுவலகம் அலுவலகமாக அலைய விடுகிறோம். பிள்ளையை அனுப்புவதற்கு ஒரு குடும்பம் படும் பாட்டையும் நீங்கள் அறிவீர்கள். ஜேர்மனிய மாணவர் விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் வைப்பிலிட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டெம்பர் முதல் உள்ள நிலை. காணியை ஈடு வைத்து அந்தப் பணத்தைத் தேடத் துணிந்த பெற்றோரிடம், இரண்டு வசனக் கடிதம் இல்லாததால் இடம் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை.

கோபத்தில் எழுதிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய கிளைகளில் ஆளணி குறைவு என்பதும், போலிக் கடிதங்கள் பற்றிய அச்சம் நியாயமானது என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுமாறு நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவை ஒரு முறை அங்கீகரித்த பொதுவான ஒரு பக்கம் போதும். ஒரு கிரெடிட்டின் மணித்தியாலங்கள், புள்ளியின் உச்சமும் சித்திக்குரிய எல்லையும், தகைமைகள் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டத்தில் இருக்கிறது என்ற தகவல், வெட்டுப்படாத முழுப் பாடப்பெயர்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். பாடங்களின் உள்ளடக்கச் சுருக்கத்தைத் திணைக்களம் ஒரு தரம் தொகுத்து உங்களுடைய இணையத்தளத்தில் வைத்தால் அதை யாரும் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள். உண்மைத்தன்மையை வினவும் வெளிநாட்டுக் குழுக்களுக்குப் பதில் அனுப்ப, பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியும் அதற்குப் பொறுப்பாக ஓர் அலுவலரும் இருந்தால் போலி பற்றிய அச்சமும் பெருமளவு குறையும்.

அந்த மாணவி வரும் ஆண்டும் விண்ணப்பிக்கப் போகிறார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலரும் இருக்கிறார்கள். எனவே உங்களைத் தயவுடன் கேட்கிறேன்: பெறுபேற்றுச் சான்றிதழோடு இந்த ஒரு பக்கத்தை இணைத்து வழங்கும் தீர்மானத்தை அடுத்த மூதவைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, எடுக்கப்பட்ட முடிவை மாணவர்கள் அறியும்படி அறிவித்து உதவுங்கள். அதுவரைக்கும், பீடச் சபையின் கோப்பில் இருக்கும் அவருடைய கோரிக்கைக்கு எழுத்தில் ஒரு பதில் கொடுங்கள்.

இவ்வண்ணம்,
உளவியல் முதுமாணிப் பட்டதாரி ஒருவர்,
யாழ்ப்பாணம்.